என் பெயரில் ஓடியவள்

எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைத் துணி ஒன்று கிடக்கிறது. அதில் கறுப்புப் பெயிண்டால் 214 என்று எழுதியிருக்கும். நான்கு மூலைகளிலும் ஊக்கு குத்திய ஓட்டைகள், ஓட்டைகளைச் சுற்றித் துரு. கீழ் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை, அது ரத்தம். கல்லூரிகளுக்கான மண்டலத் தடகளப் போட்டியில், பெண்கள் எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்த எண் அது. சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. ஓடியது நான் இல்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதுகிறேன் என்பதால் மனம் திருந்திவிட்டேன் என்று யாரும் பாராட்ட வேண்டாம். ஆத்திரம் தாங்காமல் எழுதுகிறேன். அதில் பாதி எங்கள் பி.டி. சார் மேல். மீதி யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

ஓடியது என் வகுப்பிலேயே படித்த, வயதில் எனக்கு ஒரு வருடம் மூத்த அக்கா. சொந்த அக்கா இல்லை; ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். கோட்டைப்பட்டினத்துப் பெண், அப்பா படகில் போகிறவர். எங்கள் கல்லூரியில் விளையாட்டுக்கென்று சேர்ந்தவர்கள் இருபது பேர் இருப்போம். அதில் இரண்டு விளையாட்டு ஆடியவள் அவள் ஒருத்திதான். விடிகாலையில் மைதானத்தைச் சுற்றி எண்ணூறு மீட்டருக்கான பயிற்சி, சாயங்காலம் கபடி. ரெய்டுக்குப் போனால் கால் நீட்டித் தொட்டுவிட்டு வரும் வேகத்தில் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் நடுவரைப் பார்ப்பார்கள், தொட்டாளா இல்லையா என்று. ஒருமுறை, எப்படித்தான் இரண்டுக்கும் தம் இருக்கிறதோ என்று கேட்டேன். "கபடியில மூச்சப் புடிச்சு வச்சுக்கிறேன், ஓட்டத்துல விட்டுடுறேன். அம்புட்டுத்தான் புள்ள" என்று சிரித்தாள்.

பி.டி. சாருக்கு அவள் என்றால் உயிர். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒரே ஆளாக இரண்டு கோப்பை வாங்கித் தருகிறவள் மேல் யாருக்குத்தான் உயிர் இருக்காது? ஆனால் அந்த உயிர் முட்டை கொடுக்கும் இடத்தில் போய்விடும். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் உண்டு. கபடி லிஸ்டில் பெயர் பார்த்துக் கொடுப்பார்கள், தடகள லிஸ்டில் பெயர் பார்த்துக் கொடுப்பார்கள். அக்காவுக்குக் கபடியில் மட்டும். காலையில் நாங்கள் முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நானே போய்க் கேட்டேன். "ஒரே பிள்ளைக்கு ரெண்டு எடத்துல கையெழுத்து வாங்கினா ஆடிட்ல கேள்வி வரும்மா" என்றார். இரண்டு இடத்தில் வேர்வை வாங்கும்போது மட்டும் எந்தக் கேள்வியும் வராது.

இந்த "கேள்வி வரும்" என்ற பயத்தில்தான் எல்லாம் கெட்டது. அந்த வருடம் மண்டலக் கபடியும் தடகளமும் புதுக்கோட்டையில், ஒரே மைதானத்தில், ஒரே நாளில் நடந்தன. பெயர்ப் பட்டியலைப் பத்து நாள் முன்பே முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். பி.டி. சார் அக்காவின் பெயரைக் கபடிப் பட்டியலில் எழுதினார். தடகளத்தில் எழுதவில்லை. ஒரே பிள்ளை பெயரை இரண்டு பட்டியலில் எழுதக் கூடாது என்று அவராக நினைத்துக்கொண்டார். எண்ணூறு மீட்டருக்கு நேரே இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று என் பெயரைப் போட்டு ரொப்பினார். நான் தடகளத்தில் குண்டு எறிகிற ஆள். எண்ணூறு ஓடச் சொன்னால் ஐந்நூறில் நடக்க ஆரம்பித்துவிடுவேன். பிற்பாடு உடற்கல்வி படித்து விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். அப்படி ஒரு விதி அதில் எங்கேயுமே இல்லை.

போட்டியன்று காலை கபடி அரையிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்றோம். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணைத் துடைத்துக்கொண்டு தடகள மேசைக்குப் போனவள் திரும்பி வந்து, "எம் பேரே இல்லையாம் சார்" என்றாள். பி.டி. சார் தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். "இப்ப என்ன ஆயிப்போச்சு? இவ நம்பரக் குத்திக்கிட்டு நீ ஓடு. பாயிண்டு நம்ம காலேஜுக்குத்தானே வரப்போகுது. பேர அப்பறம் மாத்திக்கலாம்." அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், எண்ணூறு மீட்டரிலிருந்து தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் கொடுத்தேன்.

வெறுங்காலோடு ஓடினாள். முதல் சுற்றில் நான்காவது. இரண்டாவது சுற்றின் பாதியில், கபடியில் பிடித்துவைத்த மூச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டவள் மாதிரி கிளம்பினாள். கோட்டைத் தாண்டி விழுந்தபோது அவளுக்குப் பின்னால் பத்து கஜத்துக்கு ஆளே இல்லை. பரிசு மேடையில் அவள் ஏறி நின்றாள், மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், கூட்டத்தில் நின்று நான் கை தட்டினேன். என் பெயருக்கு நானே கை தட்டிய அந்தக் கேவலத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. கீழே இறங்கி வந்தவள் முழங்கால் ரத்தம் ஒட்டிய விரல்களால் ஊக்குகளைக் கழற்றி, துணியை மடித்து என் கையில் வைத்தாள். "இந்தா புள்ள, ஒன் நம்பர்" என்றாள். கூடவே சான்றிதழையும் கொடுத்தாள். "சார் மாத்தித் தர்ற வரைக்கும் பத்திரமா வச்சுரு."

சார் மாற்றித் தரவில்லை. மாற்ற வேண்டுமென்றால், தன் பட்டியலில் தப்பு நடந்தது என்று அவர் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். போன வாரம் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், அந்த அதிகாரி இல்லை என்பார். அடுத்த வாரம் போகிறேன் என்பார். அப்புறம், "அத நோண்டுனா ரெண்டு பேரையும் மூணு வருசத்துக்குத் தடை பண்ணிருவாங்கம்மா, பரவால்லயா?" என்று எங்களையே கேட்டார். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அவர் ஓய்வு பெற்றபோது கட்டிய பேனரில், இரு விளையாட்டு வீராங்கனைகளை உருவாக்கிய செம்மல் என்று போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் போட்டோவில் யார் தெரியுமா? அக்கா. மேடையில், பதக்கத்தோடு, நெஞ்சில் 214.

அவரை மட்டும் திட்டிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம், கத்தோலிக்க ஊர். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் என் பெயரைச் சொல்லி, ஊருக்குப் பெருமை சேர்த்த பிள்ளை, எழுந்து நில்லம்மா என்றார். எழுந்து நின்றேன். கோயிலே கை தட்டியது. அம்மா அழுதாள். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன்" என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறேன், என்ன பொய் என்று சொன்னதில்லை. உடற்கல்விப் படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு பேரும்தான் விண்ணப்பித்தோம். அரையிறுதியில் தோற்ற கபடிக்குச் சான்றிதழ் கிடையாது. தனிநபர் போட்டியில் முதலிடம் என்ற அந்தக் காகிதத்துக்கு ஒரு இடம் கிடைத்தது, எனக்கு. அவளுக்குக் கிடைக்கவில்லை. காகிதத்தை உள்ளே நீட்டியபோது என் கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை. அந்த வருடமே அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

இப்போது இலுப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் பள்ளிகளுக்கான மாவட்டப் போட்டி. அதே மைதானம். ஓட்டப் பந்தயத்துக்கு எண் கொடுக்கும் மேசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் துணி இல்லை, காகிதம்தான். எண்ணூறு மீட்டருக்கு அழைத்த நேரத்தில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். பட்டியலில் பெயர் இல்லை. "கபடி லிஸ்ட்டுல இருக்கு டீச்சர். ஒரே பிள்ள பேர ரெண்டுலயும் எழுதக் கூடாதுன்னு எங்க சார் சொல்லிட்டாரு" என்றாள். பாருங்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த விதி எத்தனை வருடம் உயிரோடு இருந்திருக்கிறது! எனக்குச் சுர்ரென்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. பின்னால் வரிசை நின்றது, வெயில் மண்டையைப் பிளந்தது, மைக்கில் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் பள்ளியிலிருந்து வர வேண்டிய இன்னொருத்தி காய்ச்சலில் வரவில்லை, அவளுடைய எண் மேசையில் சும்மா கிடந்தது. அதை எடுத்து நீட்டினேன். "இதக் குத்திக்கிட்டு ஓடும்மா. பேர அப்பறம் மாத்திக்கலாம்" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால், அதே வார்த்தைகளை, அதே ராகத்தில்.

பெண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து காகிதத்தை வாங்கி, திரும்ப மேசை மேலேயே வைத்தது. "வேணாங்க டீச்சர். எம்பிள்ள அவ பேருலதான் ஓடுவா. இல்லாட்டி நின்னு பாத்துட்டு வீட்டுக்கு வரட்டும்." குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது, காதோரம் நரை. அக்கா என்று எழுந்தேன். அவள் என்னை எப்போதோ அடையாளம் கண்டிருந்தாள். விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அமைப்பாளரிடம் ஓடினேன், கத்தினேன், அந்தப் பள்ளி ஆசிரியரை நாலு பேர் பார்க்கத் திட்டினேன். அமைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். விசில் ஊதிவிட்டது. அந்தப் பெண் கயிற்றுக்கு இந்தப்பக்கம், வெறுங்காலோடு, முழு ஓட்டத்தையும் பார்த்தாள். தாயும் மகளும் யாருக்கும் கை தட்டவில்லை.

அவர்கள் கிளம்பும்போது பின்னாலேயே போனேன். "ஒன்னோட நம்பர் துணி எங்கிட்டத்தான் இருக்குக்கா. பத்திரமா வச்சிருக்கேன். கொண்டாந்து தரவா?" என்றேன். திட்டியிருந்தால் தேவலை. மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, மரியாதை குறையாமல், "அது எனக்கு எதுக்குங்க? அது ஒங்க நம்பருங்க டீச்சர்" என்றாள். பேருந்து நிலையத்துப் பக்கம் இருவரும் நடந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து அந்தத் துணியை எடுத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதை நான் நெஞ்சில் வைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று வைத்துப் பார்த்தேன். ரத்தக் கறை சரியாக என் வயிற்றுக்கு மேலே வந்தது. ஊக்கைக் கையில் எடுத்தேன். குத்த முடியவில்லை. திரும்பவும் மடித்துப் புடவைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். மறுநாள் எட்டரைக்குப் பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டில், வழக்கம்போல, என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.