பீச்சாங்கை மட்டை

மின் அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்பாள். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பது அவள் வேலை. அறைக்கு ஒரு ஏசி ஓடும் மாடி வீட்டில் மீட்டர் மட்டும் நகராமல் நிற்கும். "நாங்க ரொம்பச் சிக்கனம்மா" என்பார் வீட்டுக்காரர். அவள் மீட்டரின் சீலைத் தொட்டுப் பார்ப்பாள். பசை இன்னும் காய்ந்திருக்காது. இப்படிப்பட்ட வீடுகளில் ஏறி இறங்குகிறவளுக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

அவள் கணவன் நேர் எதிர். சுவருக்கு வெள்ளையடிப்பது அவன் தொழில். வெளுத்ததெல்லாம் பால் என்பது அவன் கொள்கை. இந்த இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள் என்று தெருவே வியந்தது. "அவ சந்தேகப்படறா, நான் நம்பறேன். கணக்கு சரியாப் போச்சு" என்பான் அவன்.

அவள் ஒப்பந்தத் தொழிலாளி. ஊருக்கு வெளிச்சம் நிரந்தரம், அதை அளந்து எழுதுகிறவள் மட்டும் தற்காலிகம் என்பது என்ன நியாயமோ, கேட்டால் மேலிடம் என்று விரலை உயர்த்துவார்கள். உள்ளே நுழைய ஒரே ஒரு சந்து இருந்தது. அலுவலகத்தின் பெண்கள் ஹாக்கி அணியில் இடம் பிடித்தவர்களுக்கு வேலை நிரந்தரமாகும். பள்ளியில் ஆடிய ஆட்டம் கையில் மிச்சமிருந்தது. வெயில் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் மைதானத்துக்கு ஓடினாள்.

அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் கணக்குப் பிரிவு அதிகாரி. ஒரு காலத்தில் ஓட்டப்பந்தய வீரர். ஹாக்கி மட்டையைப் பிடித்தே பார்க்காதவர். விளையாட்டு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நிர்வாகம் நினைத்ததால் 'மாஸ்டர்' ஆனவர். துருவியின் ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். "பந்து உன் ஸ்டிக்ல ஒட்டிக்குதும்மா, பசை கிசை தடவியிருக்கியா?" என்பார்.

ஒரு நாள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட அவள் இடது கையில் பேனாவை எடுத்தாள். மாஸ்டர் முகம் சுருங்கியது.

"நீ பீச்சாங்கையா?"

"ஆமா மாஸ்டர்."

"இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா?"

நம் மொழியும் சும்மா இல்லை. வலது கைக்குச் சோற்றைக் கொடுத்துச் சோத்தாங்கை என்று கொஞ்சியது. இடது கைக்கு எதைக் கொடுத்தது என்று ஊருக்கே தெரியும். இரண்டு கையும் ஒரே உடம்பில் முளைத்தவை. ஒன்று மேல், ஒன்று கீழ் என்று முடிவு செய்தவன் எவன்? மனிதரையே அப்படிப் பிரித்துப் பழகிய சமூகத்துக்குக் கை எம்மாத்திரம்!

அன்று போட்ட கையெழுத்தோடு அவள் ஆட்டம் கெட்டுப்போனது, அதாவது மாஸ்டரின் கண்ணில். பந்தை நிறுத்துவது சரியில்லை, தள்ளுவது சரியில்லை. கடைசியில் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டார்.

"பீச்சாங்கைக்காரங்களுக்குன்னு தனி ஸ்டிக் இருக்கும்மா. அது இல்லாம ஆடினா ஃபவுல். உன் மரக்கட்டையும் விரிசல் விட்டுப்போச்சு. ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்குப் போ, நான் சொல்லி வைக்கிறேன். டீம் தேர்வுக்கு அதோட வா. இல்லேன்னா வராதே."

தனி மட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அவளுக்குத் தெரியாது. ஆனால் 'சொல்லி வைக்கிறேன்' என்ற சொல் காதில் முள்ளாகத் தைத்தது.

"கமிஷன்" என்றாள் வீட்டில்.

"சே, பெரிய மனுஷன். உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாரு."

"உங்களுக்கு யாருதான் பெரிய மனுஷன் இல்ல? போன மாசம் ஒருத்தன் சுண்ணாம்பை பெயின்ட்டுன்னு தலையில கட்டினானே, அவனையும் அண்ணேன்னுதானே கூப்பிட்டீங்க?"

இருவருமாகக் கடைக்குப் போனார்கள். சுவர் நெடுக மட்டைகள் தொங்கின. மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கார்பன் இழையும் கண்ணாடி இழையும் பிசினில் தோய்த்து வார்த்தவை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் உள்ளே போய், உறை போட்ட மட்டையொன்றைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஏந்தி வந்தார். கழுத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: 'இடது'.

"இது தனி அயிட்டம்மா. ஊர்லயே நம்மகிட்ட மட்டும்தான்."

கணவன் பயபக்தியோடு தடவினான். அவள் தடவவில்லை.

"இதே கம்பெனியில சாதா ஒண்ணு எடுங்க."

"எதுக்கும்மா?"

"பார்க்கத்தான். பார்த்தா தேஞ்சிடுமா?"

இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினாள். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. பந்தை அடிப்பது தட்டைப் பக்கத்தால். இரண்டிலும் கொக்கி ஒரே பக்கம் வளைந்திருந்தது. தட்டையும் ஒரே பக்கம். கைப்பிடி நாடாவை மட்டும் ஒன்றில் எதிர்த்திசையில் சுற்றியிருந்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"வெளியில பார்த்தா அப்படித்தான்மா தெரியும். வித்தியாசம் உள்ள இருக்கு. கார்பன் இழை இடப்பக்கமா ஓடுது."

"உள்ள ஓடறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனிக்காரன் சொல்றான்."

"அவனுக்கு யாரு சொன்னா?"

கடைக்காரர் கணவனைப் பார்த்தார். கணவன் மின்விசிறியைப் பார்த்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது, அது எங்களிடம் மட்டும்தான் கிடைக்கும் என்று எவர் சொன்னாலும், அவர் கடையில் உட்கார்ந்து சொன்னாலும் பீடத்தில் உட்கார்ந்து சொன்னாலும், கேட்க வேண்டிய கேள்வி அவள் கேட்டதுதான்.

"சரி, இது வேண்டாம். சாதா ஸ்டிக் காட்டுங்க" என்றாள்.

அப்போதும் கடைக்காரர் விடவில்லை. கார்பன் மிக அதிகமுள்ள ஒன்றை எடுத்து, "இதுதான் ராஜா, அடிச்சா பந்து பறக்கும்" என்றார். கணவன் உடனே தலையாட்டினான். அவள் பையிலிருந்து பந்தை எடுத்தாள். கடைக்கு முன்னால் சிமென்ட் தரை. கணவனை உருட்டிவிடச் சொல்லி அந்த ராஜாவால் நிறுத்திப் பார்த்தாள். மட்டை விறைப்பு, பந்து தெறித்து ஓடியது.

"நான் நடுவுல நின்னு பந்தை வாங்கிக் குடுக்கற ஆளு. எனக்குப் பறக்க வேண்டாம், நிக்கணும்."

ஒவ்வொன்றாக எடுத்து இடுப்பெலும்போடு உயரம் பார்த்தாள், மணிக்கட்டில் சுழற்றி எடை பார்த்தாள், பந்தை நிறுத்திப் பார்த்தாள். கடைக்காரர் கொட்டாவி விட்டார். கார்பன் குறைவான, நிறம் மங்கிய ஒரு மட்டையில் பந்து வந்து அடங்கி நின்றது. அதை எடுத்துக்கொண்டாள்.

"மாஸ்டர் கோவிச்சுக்கப் போறாரு" என்றான் கணவன்.

கோபித்துக்கொள்ளத்தான் செய்தார். தேர்வு நாளன்று மட்டையைப் பார்த்ததுமே கையை நீட்டி மறித்தார்.

"நான் சொன்ன ஸ்டிக் எங்க?"

"அப்படி ஒண்ணு இருக்கிற மாதிரித் தெரியல மாஸ்டர்."

"அப்போ நீ வெளிய நில்லு. பீச்சாங்கைக்காரி இந்த ஸ்டிக்ல ஆடினா டீமுக்கே கெட்ட பேரு."

மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றால் வேலையும் அங்கேயே நின்றுவிடும். வெளியூரிலிருந்து தேர்வுக்கு வந்த நடுவர் அம்மா மட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். துருவி நேராக அவரிடம் போனாள்.

"மேடம், இந்த ஸ்டிக் செல்லுமா?"

நடுவர் அதைப் பருமன் அளக்கும் உலோக வளையத்துக்குள் நுழைத்து எடுத்தார். தடையில்லாமல் போனது. "தாராளமா."

"எனக்குப் பீச்சாங்கை. எனக்கும் செல்லுமா?"

நடுவர் விழித்தார். "ஹாக்கியில இடது கை ஸ்டிக்குன்னே கிடையாதும்மா. இருந்தாலும் ஆடக் கூடாது. எல்லாருக்கும் ஒரே ஸ்டிக்தான். மேல பிடிச்சுத் திருப்பறதே இடது கைதானே? உனக்கு வசதிதான். யாரு சொன்னா இப்படி?"

மாஸ்டர் அருகில் வந்து நின்றிருந்தார். அவர் முகத்தைத் துருவி உற்றுப் பார்த்தாள். பசை காயாத சீலை ஒட்டியவனின் முகத்தை அவளுக்குத் தெரியும், இது அதுவல்ல. அந்த மனிதர் உண்மையாகவே திகைத்துப்போயிருந்தார்.

"பீச்சாங்கைக்குன்னு கத்தரிக்கோல் இருக்கு, கிரிக்கெட் கிளவ்ஸ் இருக்கு... இதுக்கும் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். "கடைக்காரனும் இருக்குன்னான்."

"கமிஷன் வாங்கலையா மாஸ்டர்?"

"ஐயோ, சத்தியமா இல்லம்மா!"

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகுதான் ஆத்திரம் வந்தது.

"எனக்கு முன்னாடி எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பினீங்க?"

அவர் விரல்கள் எதையோ எண்ணத் தொடங்கிப் பாதியில் மடங்கின. காசு வாங்கியிருந்தால், அப்படி ஒரு மட்டை உண்டா என்று ஒருவேளை நாலு பேரைக் கேட்டிருப்பார்; திருடனுக்குப் பயம் உண்டு. நம்பிக்கைக்காரருக்கு அதுவும் இல்லை.

அவளை ஆடவிட்டார்கள். பாதி ஆட்டத்துக்குள் நடுவரே ஓரமாக நின்று அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் பக்கத்தில் வந்து தோளைத் தட்டி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்: "நீ டீம்ல இருக்கே."

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள், நடுவர், கம்பிவேலிக்கு அப்பால் தொற்றிக்கொண்டு நின்ற கணவன் என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இங்க இருக்கற எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க மாஸ்டர்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள்.