கொடுக்காத ஊர்

அடுத்தவர் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டிருந்து, நேற்று என்ன சமைத்தீர்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு எழும்பி வருவதுதான் பொருளியல் ஆராய்ச்சி. வினாக்கொத்தோடு வெயிலில் அலைந்த சகபாடிகளே, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டு பெட்டிகள்

புளியங்குளத்துக்குக் கிட்ட ஓர் ஊரில், தோட்டம் செய்யும் பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் நீர் இறைக்கும் மிசின் கொடுத்தது. அதனால் அவர்கள் வாழ்க்கை முன்னேறியதா என்று அறிய, மிசின் கிடைக்காத ஊர் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தர்மபுரம் பக்கம் ஓர் ஊரைத் தெரிவு செய்தேன். மூன்று வருடம், வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு ஊருக்கும் போய் ஒரே கேள்விகளைக் கேட்பது திட்டம். பல்கலைக்கழக வகுப்பில் பலகையில் இரண்டு பெட்டி கீறி நான் மிடுக்காக விளக்கி முடிக்க, முல்லைத்தீவிலிருந்து வந்து படிக்கிற றிஸ்னா எழும்பினாள்.

"சேர், குடுக்காத ஊருக்குப் போய் நாங்கள் என்னெண்டு சொல்லுறது?"

பிளேன்ரீ

தர்மபுரம் பக்கத்து ஊரில் பரமேஸ்வரி அக்கா தனி ஆள். ஒரு துண்டுக் காணியில் மிளகாய். கிணற்றில் வாளியால் அள்ளிக் கன்று கன்றாக ஊற்றுவார். வலது தோள் வீங்கியிருந்தது. எனக்கும் கூட வந்த மாணவர்களுக்கும் பால் விடாத பிளேன்ரீ தந்து, எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மிசின் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. ஆனால் மிசின் கிடைத்த ஊரில் அவருக்குத் தங்கச்சி இருந்தா.

"இந்த முறை பதிஞ்சுகொண்டு போறியள், வாற முறை மிசினோட வருவியள். எனக்கு விளங்கும், தம்பி."

ஒரு வீடு மட்டும்

இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அடுத்த வருடம் நான் பேனையை எடுக்க முதலே அக்கா வரிசைப்படி பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். கேள்விகள் அவருக்கு மனப்பாடம். வலது கையைத் தூக்க முடியவில்லை. பாதித் தோட்டம் காய்ந்து கிடந்தது.

அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நாங்களே பழைய மிசின் ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று திணைக்களத்தில் மூத்த விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை. பசியோடு வரும் மாணவர்களுக்குத் தன் சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துவிடுபவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடுக்கலாம், ஐசே. ஆனால் குடுத்த அண்டைக்கே அந்த வீட்டை ஆய்விலயிருந்து வெட்டவேணும்."

கட்டியிருந்த படலை

நான் கொடுக்கவில்லை. ஏற்கெனவே பல வீடுகள் ஆய்விலிருந்து விலகியிருந்தன, அந்த ஆய்வை நம்பித்தான் என் பதவியுயர்வும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் வருடம் அக்கா வீட்டு வாசல் படலை கட்டிக் கிடந்தது. தோட்டம் முழுக்கப் புல். அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு மாதம் என்றா பக்கத்து வீட்டுப் பெண். அந்தத் தோளோடு! பிறகு உள்ளே போய் ஒரு கொப்பித்தாளைக் கொண்டுவந்து தந்தா. எங்கள் கேள்விகளின் வரிசைப்படியே, இலக்கம் போட்டு, எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தது. 'இந்த வருடம் கிடைத்த உதவி' என்ற கேள்விக்கு நேரே, 'இல்லை'. றிஸ்னா வாசித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னா.

"தான் இல்லையெண்டு உங்கட வேலை பிழைச்சுப்போகக் கூடாதெண்டு எழுதி வைச்சிட்டுப் போனவா. பாவம், வெயிலுக்குள்ள ரெண்டு முறை வந்த பிள்ளையள் எண்டவா."

மிசின் கிடைத்தால் வாழ்க்கை முன்னேறும் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வருடமும் பரமேஸ்வரி அக்காவின் தோளும் தேவைப்பட்டன.