ஐந்து நிமிடத்தை மூன்றாக்கியவன்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நான் சாலை பஜாரில் கேபிள் டிவிக்காரனாக இருந்தேன். எங்களுக்கென்று ஓர் உள்ளூர் சேனல் உண்டு. கோயில் உற்சவம், கடைத் திறப்பு எல்லாவற்றையும் நானே படம் பிடித்து, நானே வெட்டி ஒட்டி ஓட்டுவேன். எதையும் அரை மணிக்குள் அடக்கிவிடுவேன் என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

என் கூட்டுக்காரன், ஒரே சிநேகிதன், பக்கத்து ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர், நாகர்கோவில் பக்கத்துக்காரன். காலையும் மாலையும் மாவோடு மல்லுக்கட்டுவான். மதியம் ஹோட்டல் ஓய்ந்ததும் குத்து, உதையும் பழக்கும் ஒரு ஜூடோ கிளப்புக்குப் போவான், இல்லையென்றால் என் அறைக்கு வந்து சிடி போடச் சொல்வான். வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த வெளிநாட்டுச் சண்டைகள். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்தது. பழைய சிடிக்களில் நேரக் கணக்கே கிடையாது. ஒருவன் தோற்கும்வரை நடக்கும். இருவரும் தரையில் ஒருவர் மேல் ஒருவராக இருபது நிமிடம் கிடப்பார்கள். எனக்குக் கொட்டாவி வரும். ரிமோட்டை எடுத்து வேகமாக ஓட்டுவேன்.

“லே, ஓட்டாதலே. கீழ கெடக்கவனுக்க வயித்தப் பாரு. மூச்சு ஏறிட்டு. இனி அவன் கை தளரும், அப்பம் இவன் எடுப்பான்.”

அவன் சொன்னபடிதான் நடக்கும். அவனுடைய சண்டையும் அதே மாதிரிதான். முதல் ஐந்து நிமிடம் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் இருக்காது. அடி வாங்குவான், கட்டிப்பிடிப்பான், தன் கனத்தை முழுக்க எதிராளி மேல் சாய்ப்பான். எதிராளிக்கு மூச்சு வாங்கிய பிறகுதான் இவன் ஆரம்பிப்பான்.

ஒரு ஞாயிறு பிற்பகல், வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தில் அப்படியொரு கலப்புச் சண்டைப் போட்டி வைத்தார்கள். இவன் எடைப் பிரிவில் இரண்டே பேர்; ஜெயிப்பவனை பெங்களூரில் ஒரு பயிற்சிக்கூடம் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அவனுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் ஆயுசுக்கும் பரோட்டாக் கல்தான் என்று அவனே சொன்னான். ஐந்து நிமிடம் வீதம் மூன்று சுற்று என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் மாதக்கணக்கில் உடம்பைத் தயார் செய்தான்.

முதல் மூன்று ஜோடிகளும் தரையில் உருண்டே நேரத்தைக் கடத்தின. கூட்டம் கூவ ஆரம்பித்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. போட்டி நடத்திய கராத்தே மாஸ்டர், மலையாளி, கேமராவுக்குப் பின்னால் நின்ற என்னிடம் ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, ஆள்க்காரெல்லாம் எழும்பிப் போறாங்க. நீங்க டிவிக்காரர் அல்லே? என்ன செய்யலாம், சொல்லுங்க.”

நான் யோசிக்கவே இல்லை. “சுற்று மூணு நிமிஷமாக்குங்க. ரெண்டு சுற்று போதும். நேரம் கம்மின்னா எடுத்த எடுப்புலயே அடிச்சுக்குவாங்க” என்றேன். அவர் நடுவர் மேசைக்குப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, இன்னும் ஒரு ஜோடிக்குப் பிறகு இவன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். பத்தடி தூரம்தான். நான் குனிந்து கேமராக் காலைச் சரிசெய்தேன்.

அடுத்த சண்டை தீப்பிடித்தது. விசில் பறந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் சொன்னது சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. அந்தக் குஷியை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

அவனுக்கு எதிரே ஓர் உயரமான கிக்பாக்ஸிங்காரன். ஆறே நிமிடம்தான் என்று தெரிந்ததும் வந்தவன் கையிருப்பை எல்லாம் இறைத்துவிட்டான். இவன் பொறுத்தான். கூட்டம் இவனைப் பார்த்துக் கூவியது. இவனுக்கு வேறு மாதிரி சண்டை போடத் தெரியாது. இரண்டாம் சுற்றின் கடைசியில் எதிராளியின் வாய் திறந்துவிட்டது, கைகள் தொங்கின. இவன் அவனைக் கீழே சாய்த்துக் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தான். மணி அடித்தது.

புள்ளி எதிராளிக்குப் போனது. ஜெயித்தவன் எழுந்து நிற்க முடியாமல் நடுவர் தோளைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினான். தோற்றவன் நேராக நின்று கை தட்டினான்.

மண்டபத்துக்கு வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே கேட்டான்: “நேரத்த யாருலே கொறச்சது?”

“தெரியல மக்கா. நடத்துறவங்க முடிவு பண்ணியிருப்பாங்க.”

அவன் அப்புறம் கிளப் பக்கமே போகவில்லை. ஒரு வருடத்துக்குள் மும்பையில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்துக் கிளம்பினான். தம்பானூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். வண்டி புறப்பட இருபது நிமிடம் இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன், சீட்டு நம்பரைச் சரிபார்த்தேன், தண்ணீர் பாட்டில் வாங்கினேன். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அன்னைக்கு அந்த மண்டபத்துல அத்தன பேரும் கூவினானுவ. எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தன்தாம்லே.”