தலைகீழாகத் தின்ற களி

கேழ்வரகுக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்தால் மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். என் பேத்தி அதைச் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கிறாள், பாவம். அந்த உருண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிலாவுக்குப் போனவர்கள் ஞாபகம்தான் வரும்.

அப்போது கள்ளிக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம். மச்சாண்டார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், பாடியில் கம்பெனி வேலை. அவர் எதிரில் நான் நிமிர்ந்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வழக்கம் அப்படி. அவர் கால்கள் மட்டும்தான் எனக்குப் பழக்கம்; இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும்.

நிலாவுக்குப் போனவர்களுக்குப் போகிற வழியில் எடையே இல்லையாம், கூழாக அரைத்த சாப்பாட்டைக் குழாயிலிருந்து வாயில் பிதுக்கிக்கொள்வார்களாம் என்று டீக்கடையில் கேட்டுவந்தார் என் வீட்டுக்காரர். மச்சாண்டார் நம்பவில்லை.

"எடையே இல்லன்னா சோறு எப்பிடிறா வவுத்துக்குப் போவும்? தொண்டையிலயே மெதந்துகினு கெடக்கும்."

"தொண்டை தள்ளும்ணா. தலகீழா தொங்கிகினு துன்னாலும் உள்ள போவும்."

"துன்னு காட்றா, நீ ஆம்பளன்னு ஒத்துக்கறேன்."

வாய் முற்றிக் கைகலப்பாகிச் சட்டை கிழிந்தது. மாமியார் ஒரு குடம் தண்ணீரை ஊற்றித்தான் பிரித்தார். "ஆகாசத்துல எவனோ துன்றான், நீங்க இன்னாத்துக்குடா அட்ச்சிக்கிறீங்க?" நான் காலிக் குடத்தோடு கிணற்றுக்குப் போனேன்.

திரும்பி வந்தால், வாசல் வேப்பங்கிளையில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்குகிறார் என் வீட்டுக்காரர். முகம் கத்திரிக்காய் நிறம். மச்சாண்டார் அவர் முதுகில் குத்துகிறார், தாடையைப் பிளந்து வாய்க்குள் விரலை விடுகிறார். கொல்கிறார் என்றே நினைத்தேன். மரத்தடியில் களிச் சட்டியோடு இருந்த, களி கிளறும் துடுப்பை எடுத்து, இரண்டு கையாலும் மச்சாண்டார் கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்போதும் அவர் விடவில்லை. மற்றக் கையால் முதுகில் இன்னும் ஒரு குத்து. எலுமிச்சம்பழம் அளவு களி பொத்தென்று என் காலடியில் விழுந்தது.

மண்ணில் விழுந்த வீட்டுக்காரர், மூச்சு வந்ததும் சொன்னார்: "மொத உருண்ட உள்ள பூட்ச்சிண்ணா. ரெண்டாவதுதான் மாட்டிகிச்சி."

அவருக்கும் ஒன்று போட்டேன்.

மச்சாண்டாரின் வலது கை ஒன்றரை மாதம் கழுத்துத் தூளியில் தொங்கியது. "கைய ஒட்ச்சவதான் ஊட்டணும்" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தட்டோடு போய்த் தலையைக் குனிந்தபடியே ஊட்டினேன். ஒரு கவளம் கன்னத்தில், ஒன்று மூக்கில்.

அன்றுதான் அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசினார். "நிமுந்து பாத்து ஊட்டும்மா. நாம இன்னும் பூமிலதான் கீறோம். கீழ வுழுது பாரு."

நிமிர்ந்தேன். மீசை முழுக்கச் சோறு. சிரித்துவிட்டேன்.