இரும்புச் சுருளுக்கு ஒரு தராசு

போன வாரம் சிம்மக்கல்லில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடந்தேன். மருத்துவர் சின்னப் பெண். கடைவாய்ப் பல்லை நிதானமாகக் குடைந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் இந்த இடத்தில் சாமியை நினைப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாய் கொப்பளிக்க எழுந்தபோது கேட்டேன். "இது நிமிஷத்துக்கு எத்தனை சுத்து டாக்டர்?"

"மூணு லட்சம் இருக்கும் சார். ஏன், வலிக்குதா? மொகம் ஒரு மாதிரி ஆகுதே."

வலி இல்லை. ஒரு மில்லிமீட்டர் விட்டம், மூன்று லட்சம் சுற்று. அப்படியானால் வெட்டும் வேகம் நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரும்பைக் கடையும் எங்கள் லேத்தில் முப்பது மீட்டரை எட்டினாலே சூட்டில் உளி நீலம் பாரித்துவிடுமோ என்று பயப்படுவோம். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னால் தாடையோடு சேர்த்து வேறு எதையாவது சோதிக்கச் சொல்வாரோ என்று பேசாமல் மறுபடி படுத்துவிட்டேன்.

குடையும்போது பல்லின் மேல் பீய்ச்சிய தண்ணீர்தான் பழைய நினைவுகள் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. லேத்திலும் அப்படித்தான், வெட்டுகிற இடம் சூடாகாமல் இருக்கப் பால்போல ஒரு தண்ணீர் ஊற்றுவோம். எண்ணெய் கலந்த தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ஓடாமல் கிடந்தால் திங்கட்கிழமை காலையில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், திருச்சி சாலையை ஒட்டி இருந்த எங்கள் ஷெட்டுக்குத் திங்கட்கிழமைகளில் கண்ணை மூடிக்கொண்டே வழி கண்டுபிடிக்கலாம்.

கிணற்றுப் பம்புசெட்டுக்குள் சுழலும் இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட், செய்கிற ஷெட் அது. ஆறு லேத்து. நான் திட்டப் பொறியாளர். பட்டம் வாங்கிய மை காயவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அப்போதே தளராத நம்பிக்கை. கழிப்பறைச் சாவிக்குக்கூட ஒரு படிவம் தயாரித்தேன். அதை யாரும் நிரப்பவில்லை. அவசரம் அப்படி.

லேத்தில் இரும்பைச் செதுக்கும்போது உரிந்து விழுவதைச் சுருள் என்போம். வேகம், ஒரு சுற்றுக்கு உளி நகரும் தூரம், வெட்டின் ஆழம், இந்த மூன்றையும் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரும்பு சுருளாக விழும் என்று சொல்லிவிடலாம். கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஒருநாள் முதலாளி, "எவன் வேலை பாக்குறான், எவன் நிக்கிறான்னு எப்பிடிய்யா கண்டுபிடிக்கிறது?" என்று அலுத்துக்கொண்டார். எனக்கு உள்ளே மணி அடித்தது. மாலையில் ஆளாளுக்கு விழுந்த சுருளைச் சாக்கில் கட்டி நிறுத்துப் பார்த்தால் போதாதா?

மறுநாளே உத்தரத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்கியது. பக்கத்தில் கரும்பலகை. அதிக எடை மேலே, குறைந்த எடை கீழே. முதலாளி என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலிலேயே என் வேலை பாதி நிரந்தரமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

முதலிடம் எப்போதும் வீரணனுக்கு. முரட்டுக் கம்பியை முதலில் ஆழமாக வெட்டித் தள்ளுகிறவர் அவர். கடைசி இடம் எப்போதும் மாயழகுக்கு. வீரணன் தள்ளியதை வாங்கி, பேரிங் உட்காரும் இடத்தை முடியிழை அளவுக்குச் சீவி முடிக்கிறவன் அவன். அவன் சாக்கைத் தூக்கினால் தராசு முள்ளுக்கே வெட்கமாக இருக்கும்.

"மாப்ள, ஒன் சுருள இங்குட்டுக் குடு, பல்லு குத்திக்கிறேன்" என்பார் வீரணன்.

"எடுத்துக்க மாமா. ஒன் சாக்குல தண்ணி சொட்டுதே, அதத் தொடச்சிட்டுக் குத்து."

உண்மைதான். இரண்டாவது வாரமே ஆட்கள் சுருளைப் பால்தண்ணீரில் முக்கி எடுத்துக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு சாக்கில் அரைச் செங்கல் இருந்தது. நான் அயரவில்லை. சுருளின் ஈரப்பதத்துக்கு ஒரு படிவம் தயாரித்தேன்.

மாதக் கடைசியில் முதலாளி பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கடைசியில நிக்கிறவன நிரந்தரம் பண்ண வேணாம். வெள்ளிக்கிழமையோட அனுப்பிரு."

மாயழகு அப்போது ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருந்தான். அப்பாவும் அம்மாவும் கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். தொழிற்பயிற்சி நிலையம் போய்ப் படித்து வந்தவன் அந்த வீட்டிலேயே இவன் ஒருவன்தான். டி. கல்லுப்பட்டியில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: கையில் நிரந்தர உத்தரவு இருக்க வேண்டும்.

செய்தியைச் சொன்னதும் அவன் சண்டை போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "சார், நாளைக்கு நானும் ஆழமா வெட்டிரவா? எடை ஏறிரும். ஆனா பேரிங் லொடலொடன்னு ஆடும். அதுக்குப் பரவாயில்லயா?"

அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அனுமதி கேட்டான்.

தராசைத் தொங்கவிடுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கை அன்றைக்குத்தான் போட்டேன். வீரணனின் வெட்டு இரண்டு மில்லிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு நூறு கிராமுக்கு மேல் விழும். மாயழகின் ஆழம் அதில் பத்தில் ஒரு பங்கு. உளி நகர்வதும் பாதிக்குக் குறைவு. ஆறு கிராம் விழுந்தால் அதிகம். இமைக்காமல் நாள் முழுக்க உழைத்தாலும் வீரணன் அரை மணி நேரத்தில் தள்ளுவதை அவன் எட்ட முடியாது. எந்த ஆழத்தில் வெட்ட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். என் தாளை அவன் எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றினானோ அவ்வளவு கீழே போயிருந்தான்.

ஒரு நடைமுறையைத் திரும்பப் பெற வேண்டுமானால் அதை உருவாக்கியவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் விதி. விதியை எழுதியதும் நான்தான், அதற்கான படிவத்தை அச்சடித்ததும் நான்தான். 'காரணம்' என்ற கட்டத்துக்கு எதிரே வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் மேல் பழி போடலாம், தராசின் மேல் போடலாம். எழுதியது இதுதான்: 'உருவாக்கியவரின் அறியாமை.'

முதலாளி கணக்கையும் படிவத்தையும் இரண்டு முறை படித்தார். "ஏய்யா, ஒன் வேலயே இன்னும் நிரந்தரமாகல. இதுல கையெழுத்தும் போட்டுக் கொண்டாந்திருக்க?"

"படிவத்துல கையெழுத்துக் கட்டம் இருக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. என்னை அழைத்துக்கொண்டு மாயழகின் லேத்துக்குப் போனார். அவன் முடித்து வைத்திருந்த ஷாஃப்ட் ஒன்றை எடுத்துப் பேரிங்கைக் கையால் அழுத்தினார். பாதி தூரம் போய் இறுகி நின்றது. மரச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அதையே கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா எத்தன ஷாஃப்ட் திரும்பி வந்துச்சு?"

"ஒன்னுகூட இல்லீங்க" என்றான் மாயழகு. என் படிவங்களில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு உத்தரவுகள் வந்தன. மாயழகு நிரந்தரம். எனக்குத் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. தராசை இறக்கியபோது வீரணன் வந்து ஒரு கை பிடித்தார். "முதல் ஆளா இருந்தேன், கவுத்துட்டீங்களே சார்" என்று ஷெட் அதிரச் சிரித்தார்.

கல்லுப்பட்டிக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா என் கையை விடவே இல்லை. பந்தியில் ஒவ்வொருவரிடமும் அழைத்துப் போய், "நம்ம மாப்பிள்ளை வேலைய நிரந்தரம் பண்ணிக் குடுத்த ஆபீசர் இவருதேன்" என்று அறிமுகம் செய்தார். அந்த ஆபீசருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்ற செய்தி அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். மற்றவன் மணவறையில் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் அவனுக்கு அறுபதாம் கல்யாணம், கொட்டாம்பட்டியில். அன்று காலையிலேயே அவனிடமிருந்து தொலைபேசியில், "கெளம்பிட்டீங்களா சார்? பந்திக்கு முந்தி வந்துரணும்" என்று அதட்டல் வேறு. பேருந்தில் போனேன். சாலை நான்கு வழியாக அகலமானபோது ஷெட் போய்விட்டது. முதலாளி அதற்கு முன்பே போய்விட்டார். ஷாஃப்ட் வாங்கிய கிணறுகள் தூர்ந்து ஆழ்துளைக்கு மாறிவிட்டன. ஷெட் வாசலில் நின்ற புளியமரமும் இல்லாததால் இடத்தை மைல்கல்லை வைத்துத்தான் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஷெட்டின் நீளம் நாற்பது மீட்டர். பேருந்து எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனது. இரண்டு வினாடிகூட ஆகவில்லை, மொத்தத்தையும் தாண்டிவிட்டோம். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதல் பந்திக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.