வேனை எஃப்.சி.க்குக் காட்டிய ஜூன் மாதம்

எங்கள் வேனை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் துபாய்க்குப் போன வருஷம்தான் எஃப்.சி. என்றால் என்ன என்பதை நான் சரியாகத் தெரிந்துகொண்டேன். அதுவரை அது அவர் பாடு. வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை எடுத்துக்கொண்டு காலையில் போவார். சாயங்காலம் திரும்பி வரும்போது வேனின் பக்கவாட்டில் அடுத்த வருஷத் தேதி புதுப் பெயின்டில் எழுதியிருக்கும். வாடகைக்கு ஓடுகிற எந்த வண்டியும் ரோட்டில் ஓட லாயக்குதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். அவர் எங்கே பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்று நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு ஹைதராபாத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு அரசாங்க ஃபாக்டரியில் லேத் வேலை. வீடு ஹப்சிகுடாவில். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தார்நாகாவுக்கும் செகந்திராபாத்துக்கும் ரிக்‌ஷாவில் பிதுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிட்டு, பழைய டீசல் வேன் ஒன்று வாங்கலாம் என்று சொன்னவள் என் மனைவி. அவள் சங்ககிரிக்காரி. அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். கல்யாணத்துக்கு முன்பே அவள் லாரி ஷெட்டில் வண்டியை முன்னே பின்னே நகர்த்திப் பழகியிருந்தாள். நான் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு சைக்கிள் மட்டும்தான் தெரியும், இன்றுவரை.

டிரைவர் துபாய்க்குப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் வேறு ஆள் தேட வேண்டுமே என்று கவலைப்பட்டேன்.

"ஏனுங்க, ஆளெதுக்குத் தேடறீங்க? நானே ஓட்டறனுங்க" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாள். டிரைவரும் நல்ல மனுஷர். ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு காலி வண்டியில் அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வாடகை வண்டி ஓட்டுகிற லைசென்ஸும் கைக்கு வந்தது. ஃபாக்டரி கேன்டீனில் விஷயம் பரவியதும் என்னை "டிரைவரம்மா வீட்டுக்காரர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கோடை விடுமுறையில் வேன் வீட்டு வாசலில் நின்றது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மனைவி பக்கவாட்டில் எழுதியிருந்த தேதியைக் காட்டினாள். முடியப் போகிறது.

லீவு போட்டுவிட்டு நகரத்தில் இருந்த பெரிய ஆபீஸுக்குப் போனேன். ஜன்னலுக்குள் இருந்தவர் எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னேன். "அது ரங்காரெட்டி ஜில்லா. இங்கே இல்லை" என்றார். ரங்காரெட்டிக்கான ஆபீஸைத் தேடிப் பிடித்துப் போனேன். அங்கே இருந்தவர், "பேப்பர்தான் இங்கே. வண்டியை கிரவுண்டில் காட்டணும்" என்றார். எந்த கிரவுண்டு என்றேன். அது மாறிக்கொண்டே இருக்கும், பிரேக் இன்ஸ்பெக்டரைக் கேட்கணும் என்றார். இன்ஸ்பெக்டர் எங்கே என்றேன்.

"கிரவுண்டில்" என்றார்.

மறுநாள் ஷிஃப்டில் பக்கத்து மெஷினில் வேலை பார்த்த லாலாகுடா ரெயில்வே காலனித் தமிழரிடம் புலம்பினேன். "நீ கைக்கு இப்படி அலையறே? ஏஜென்ட் கையில கொடுத்துடு பா" என்றார். எங்கள் ஹைதராபாத் தமிழில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'. அதை மனைவியிடம் சொன்னேன்.

"எங்கூர்ல எஃப்.சி.க்குப் போற லாரிய பாத்தாலே தெரியுமுங்க. புதுசா பெயின்ட் அடிச்சு, கழுவி, காலியா போகும். உப்பல் ரோட்டுல அப்படி ஒண்ணு போகாதுங்களா? அது பின்னாலயே போயிருவோம்."

இப்படியும் ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அடுத்த நாள் காலையில் வேனை உப்பல் ரோட்டின் ஓரத்தில் நிறுத்திக்கொண்டு நானும் அவளும் காத்திருந்தோம். செங்கல் லாரி, மணல் லாரி, பால் வண்டி என்று ஏதேதோ போயின. பிறகு கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு லாரி வந்தது. மஞ்சளும் பச்சையும் இன்னும் காயாத மாதிரிப் பளபளத்தன. மனைவி கியரைப் போட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அந்த லாரி சாலையோரத்து அம்மன் கோயிலில் நின்றது. டிரைவர் இறங்கித் தேங்காய் உடைத்தார். நான் போய்க் கேட்டேன். ஃபிட்னெஸுக்குத்தான் போகிறார். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவளை எட்டிப் பார்த்தார். "ஆவோ அம்மா, பீச்சே பீச்சே ஆவோ" என்று பின்னாலேயே வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கிரவுண்டு என்பது வற்றிப்போன ஒரு ஏரி. கரையில் இரண்டு புளியமரங்கள், அடியில் இன்ஸ்பெக்டரின் மேஜை. லாரிகள், டிராக்டர்கள், ஆட்டோக்கள், எங்களைப் போல இரண்டு மூன்று வேன்கள் எல்லாம் வரிசையில் நின்றன. ஓரமாக ஒருவர் நல்ல டயர்களை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மொட்டை டயரைக் கழற்றி, வாடகை டயரை மாட்டி, இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டு, மறுபடி கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம். டீக்கடை மாதிரி அந்த வியாபாரமும் ஒளிவு மறைவில்லாமல் நடந்தது.

எங்களுக்கு வழிகாட்டிய லாரி டிரைவர் வந்து தலையைச் சொறிந்தார். முதலுதவிப் பெட்டி கொண்டு வர மறந்துவிட்டாராம். மனைவி எடுத்துக் கொடுத்தாள். அது ஒரு பழைய பிஸ்கட் டின். வெள்ளைப் பெயின்ட் அடித்து, எங்கள் மகள் சிவப்பில் கூட்டல் குறி போட்டிருந்தாள். ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் இருக்கும். லாரி பாஸாயிற்று. ஆனால் பெட்டி எங்களிடம் திரும்பவில்லை. லாரிக்கு அடுத்து நின்ற வேனுக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு வண்டிக்குப் போய், எங்கள் முறை வருவதற்குள் ஒருவர் ஓடி வந்து ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் வயதானவர். வெயிலில் முகம் சிவந்திருந்தது. விளக்கு, ஹாரன், வைப்பர், டயர் எல்லாம் பார்த்தார். பெட்டியைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார்.

"இந்தப் பெட்டியைக் காலையிலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். நிஜமா யாருடையது இது?" என்று தெலுங்கில் கேட்டார்.

"எங்களுதுங்க" என்றாள் மனைவி. அவளுடைய தெலுங்கிலும் அந்த 'ங்க' வந்துவிடும்.

திறந்து பார்த்தார். பஞ்சு, கட்டுத்துணி, டிங்சர் பாட்டில் எல்லாம் இருந்தன. மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "டிரைவர் யார், நீயா? ஏறு" என்றார்.

"நான் இல்லைங்க சார், இவங்க."

அவள் லைசென்ஸை நீட்டினாள். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எங்கள் வண்டிக்குப் பின்னால் இருந்த வரிசை முழுவதும் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தது. "ஓரமா நிறுத்தும்மா. கடைசியில பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தது. வேனுக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. போய்விடலாம், வேறு டிரைவரை அழைத்துக்கொண்டு இன்னொரு நாள் வரலாம் என்றேன்.

"பாக்கமாட்டேன்னு அவரு சொல்லலியே. கடைசீன்னுதானுங்க சொன்னாரு" என்றாள்.

அப்படியே கடைசியில் வந்தார். இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். என்னை ஏற்றவில்லை. வேன் ரோட்டுக்குப் போய் வளைவில் மறைந்தது. நான் புளியமர நிழலில் நின்றேன். திரும்பி வந்தபோது இருவருமே சாதாரணமாகத்தான் இருந்தார்கள். பிறகு ஏரிக்கரைச் சரிவில் வேனை ஏற்றி நிறுத்தச் சொன்னார். கியரை எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் போடச் சொன்னார்.

வேன் ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். அவள் கால் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். "வண்டி ஓட்டறதுல குறை ஒண்ணும் இல்லை. ஹேண்ட் பிரேக் இல்லை. ஃபெயில்" என்றார். மேஜையை மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மனைவி குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்தாள். பழைய டிரைவர் வைத்திருந்தது. டயர் மாற்றும்போது முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் ஒவ்வொரு மேட்டிலும் இதை வைத்துத்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார் என்று இப்போதுதான் புரிந்தது.

அப்போது ஒருவர் அருகில் வந்தார். ஏஜென்டாக இருக்க வேண்டும். என்னைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டு, "நாளைக்கே எஃப்.சி. சீட்டு வாங்கித் தர்றேன், வண்டி வரவே வேண்டாம்" என்றார். நாளை மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவளிடம் போய்ச் சொன்னேன்.

"ஆகாதுங்க."

"எல்லாரும் செய்யறதுதான். பிரேக் கேபிளை அப்புறமா மாத்திக்கலாம்."

"க்ளீனர் வெச்சுக்கிட்டா ஓட்டப் போறோம்? ஒவ்வொரு வீட்டுலயும் நான் எறங்கி வந்துதானுங்க கதவத் தொறக்கோணும். நான் கீழ நிக்கறப்ப, புள்ளைங்க உள்ள இருக்கறப்ப, வண்டிய எது புடிச்சிருக்கும்? அந்த ஹேண்ட் பிரேக்குதானுங்க."

ஏஜென்டிடம் நக்கோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினேன்.

அன்று சாயங்காலமே அவள் வீடு வீடாகப் போய், வண்டி ஃபெயில் ஆகிவிட்டது, சரிசெய்து காட்டும் வரை ஓட்ட மாட்டேன் என்று சொன்னாள். இரண்டு வீட்டில் அப்போதே பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காரர், "பொம்பளை ஓட்டறான்னதும் இன்ஸ்பெக்டரே பயந்துட்டார் போல" என்று சிரித்தாராம். மற்றவர்கள், அதுவரை என்ன செய்வது என்று கேட்டார்கள். நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். போகவும் செய்தாள். காலையில் ஹப்சிகுடா பஸ் ஸ்டாப்பில் ஒரு கூட்டம் பிள்ளைகள், எல்லார் தண்ணீர் பாட்டிலும் அவள் தோளில். கண்டக்டர்கள் திட்டினார்கள். இரண்டு நாளில் பழகிவிட்டார்கள்.

எங்கள் வேனுக்குப் பொருந்தும் கேபிள் சுலபமாகக் கிடைக்கவில்லை. ராணிகஞ்சில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் வேறு வண்டியுடையதை வாங்கி, மெக்கானிக் அதை வெட்டிச் சரிசெய்து போட்டார். பின்சக்கரத்தில் பிரேக் லைனிங்கும் தேய்ந்திருந்தது, மாற்றினோம். மெக்கானிக் ஷெட்டுக்கு வெளியே இருந்த சாக்கடைப் பாலத்து மேட்டில் அவள் வேனை ஏற்றி ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். நானும் மெக்கானிக்கும் முன்னாலிருந்து பலம் கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை.

அடுத்த வாரம் மறுபடி ஏரிக்குப் போனோம். இன்ஸ்பெக்டருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை ஓரமாக நிறுத்தச் சொல்லவில்லை, வரிசையிலேயே பார்த்தார். மற்றதெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சரிவுக்குப் போகச் சொன்னார். ஏறி நின்று, கியரை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினையும் நிறுத்தினாள்.

"இப்போ கீழே இறங்கும்மா" என்றார்.

அவள் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நின்றாள். இன்ஸ்பெக்டர் மட்டும் வேனுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணாடி வழியாக முன்னால் கரை மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை உட்கார்ந்தபடியே உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். வேன் நின்ற இடத்திலேயே நின்றது.

இறங்கி வந்தவர் மேஜைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை என்னிடம் கொடுக்கவில்லை, அவளிடம் கொடுத்தார்.

"அடுத்த வருஷமும் நீங்களே கொண்டு வாங்கம்மா" என்றார். முதல் தடவை வந்தபோது அவர் சொன்ன 'நிறுத்தும்மா'வும் இந்த 'வாங்கம்மா'வும் என் காதில் வேறு வேறாக விழுந்தன. அவள் கவனித்தாளா என்று தெரியாது. பெயின்டரைத் தேடிப் போய்விட்டாள்.

பெயின்டர் பக்கவாட்டில் தேதி எழுதி முடிக்கும்போது எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் நேரம் நெருங்கிவிட்டது. பஸ் பிடித்தால் போய்ச் சேர முடியாது. "ஏறுங்க, உங்கள விட்டுட்டுப் போறனுங்க" என்றாள்.

ஃபாக்டரி கேட்டில் ஷிஃப்ட் கூட்டம் நின்றது. கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் நேராகக் கொண்டு போய் கேட் எதிரில் நிறுத்தினாள். யாரோ பெரிய ஆபீஸரின் வண்டி என்று நினைத்து செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிட்டார். கேன்டீனில் என்னைக் கிண்டல் செய்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முன் சீட்டிலிருந்து நான் இறங்கினேன்.

"பாஸா?" என்று கேட்டார் லாலாகுடாக்காரர்.

"ஹவ், பாஸ்" என்று ஆமோதித்துத் தலையாட்டினேன். வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவள் கேட் முன்னாலேயே வேனைத் திருப்பினாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. தார்நாகா ரோட்டில் வேன் மறையும் வரை பார்த்துவிட்டு, நான் உள்ளே போய் என் லேத்தை ஓட விட்டேன்.