முதலில் பேசியவர் யார்?

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் வரும் பேருந்தில் ஒரு போர்வெல் லாரி ஓட்டுநர் என் பக்கத்தில் இருந்தார். புருவத்தில் கல்தூள். காதில் கேட்ட பாட்டுக்கு முன்சீட்டுக் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் ஆஸ்திரேலிய ராக் குழுவின் பாட்டு அது. அங்கே வேலையில் இருக்கும் அவர் தம்பி, இருவருக்கும் பேச்சு நிற்பதற்கு முன்பு அனுப்பியதாம்.

அக்குழுவைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். முதல் தொகுப்பு வந்த ஆண்டு, அண்ணன் தம்பி சண்டையில் குழு உடைந்த ஆண்டு, மறுபடி ஒரே மேடையில் ஏறிய ஆண்டு என்று அடுக்கினேன்.

தாளம் நின்றது. "மறுக்காச் சேந்துட்டாங்களா? மொதல்ல போன் போட்டது அண்ணனா, தம்பியாங்க?"

"தெரியலீங்க."

"அத உட்டுப்போட்டு வருசத்தப் படிச்சு வெச்சிருக்கறீங்களே!" என்று சிரித்தார்.

இன்றும் அக்குழுவின் பேட்டி எது கிடைத்தாலும் அந்த ஒரு விவரத்தைத்தான் தேடுகிறேன்.